முந்தியதும் கற்றதும்

1967 ஜனவரி 27, வெள்ளிக்கிழமை. வெள்ளை மாளிகையில் அன்று மாலை ஒரு விழா. விண்வெளியில் அணு ஆயுதங்களை வைப்பதில்லை, நிலவையோ வேறு எந்த விண்பொருளையோ எந்த நாடும் சொந்தம் கொண்டாடுவதில்லை என்ற ஒப்பந்தம் கையெழுத்தானது. அமெரிக்கா, சோவியத் ஒன்றியம், பிரிட்டன் மூன்றும் ஒப்பமிட்டன. வந்திருந்தவர்களில் விண்வெளி வீரர்கள் நீல் ஆம்ஸ்ட்ராங்கும் ஜிம் லவலும் இருந்தார்கள். அதே மாலை 6.31 மணிக்கு ஃபுளோரிடாவில், ஏவுதளத்தில் ஒத்திகைக்காக நின்றிருந்த அப்போலோ கலத்துக்குள் தீப்பிடித்தது. உள்ளே கஸ் கிரிசம், எட் ஒயிட், ரோஜர் சாஃபி. கலத்தின் கதவு உள்பக்கமாகத் திறப்பது. தீயால் உள்ளே அழுத்தம் ஏற ஏற, அது சட்டத்தோடு இன்னும் இறுகியது. மூவரும் உயிரோடு வெளியே வரவில்லை.

விண்வெளிப் போட்டியின் லாப நஷ்டக் கணக்கை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் நிலவில் பதிந்த காலடியிலிருந்து தொடங்குவார்கள். எனக்கு இந்த மாலைதான் முதலில் நினைவுக்கு வருகிறது. போட்டிக்கு வேலி போட்ட ஒப்பந்தமும், போட்டியின் அவசரம் கொண்டுபோன உயிர்களும் ஒரே நாளில் சேர்ந்து நிற்கின்றன. போட்டி இல்லாமல் இத்தனை வேகம் வந்திருக்குமா என்று கேட்பார்கள். வந்திருக்காது, அதில் எனக்கு ஐயமில்லை. அந்த வேகத்தில் எங்கே அறிவு சேர்ந்தது, எங்கே ‘முதலிடம்’ என்ற பட்டம் மட்டும் சேர்ந்தது என்பதைத்தான் பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

1957 அக்டோபர் 4-ல் 83.6 கிலோ எடையுள்ள ஸ்புட்னிக் பூமியைச் சுற்றத் தொடங்கியது. ஓராண்டு முடிவதற்குள் அமெரிக்காவில் நாசா இயங்க ஆரம்பித்துவிட்டது. அறிவியலும் கணிதமும் அயல்மொழிகளும் படிப்பவர்களுக்கு அரசு பணம் ஒதுக்கச் சட்டம் வந்தது. 1966-ல் அமெரிக்க மத்திய அரசு செலவழித்த ஒவ்வொரு 100 டாலரிலும் 4 டாலருக்கு மேல் நாசாவுக்குப் போனது. அப்போலோ திட்டத்தின் உச்சத்தில் சுமார் 4 லட்சம் பேர் அதில் உழைத்தார்கள். பின்தங்கிவிட்டோமோ என்ற பயம் இல்லாமல் எந்த மக்கள் மன்றமும் இப்படி அள்ளிக் கொடுக்காது. அதிபர் கென்னடிக்கு இது நன்றாகவே தெரியும். 1962 நவம்பர் 21-ல் நாசா தலைவர் ஜேம்ஸ் வெப்புடன் நடந்த கூட்டத்தில், தனக்கு விண்வெளியில் அப்படியொன்றும் ஆர்வமில்லை, ரஷ்யர்களை முந்துவதற்காகத்தான் இவ்வளவு செலவு என்ற பொருளில் அவர் பேசியது ஒலிநாடாவில் பதிவாகியிருக்கிறது. நிலவுப் பயணம் பல வேலைகளில் ஒன்றுதான், விண்வெளி அறிவில் ஒட்டுமொத்தமாக முன்னிற்பதே முக்கியம் என்று வெப் விடாமல் வாதாடுகிறார். இந்தப் போட்டிக்கு இருந்த இரண்டு மனங்களும் அன்று ஒரே அறையில் பேசிக்கொண்டன.

முந்துவது வேறு, கற்பது வேறு என்பதற்கு ஸ்புட்னிக் 2 நல்ல சாட்சி. ரஷ்யப் புரட்சியின் 40-வது ஆண்டு நிறைவுக்குள் இன்னொரு சாதனை வேண்டும் என்று சோவியத் தலைவர் குருஷ்சேவ் விரும்பியதால், நான்கே வாரத்துக்குள் அவசர அவசரமாகக் கட்டிய கலம் அது. லைகா என்ற நாய் அதில் போனது. திரும்பிவர வழியே வைக்கவில்லை. சில மணி நேரத்திலேயே வெப்பம் தாங்காமல் அது இறந்துபோனதை 2002-ல்தான் உலகம் அறிந்தது. அந்தக் கலத்தில் கதிர்வீச்சை அளக்கும் கருவியும் இருந்தது. பூமியைச் சூழ்ந்த கதிர்வீச்சுப் பட்டை வழியாகவே அது பறந்தது. அதன் சமிக்ஞைகளை ஆஸ்திரேலியாவில் பிடித்தும் வைத்தார்கள். அவற்றைப் படித்தறிவதற்கான குறியீட்டைச் சோவியத் தரப்பு தரவில்லை. சில மாதங்களில் அமெரிக்காவின் எக்ஸ்ப்ளோரர் 1 அதே கதிர்வீச்சைச் சந்தித்தது. அமெரிக்க இயற்பியலாளர் ஜேம்ஸ் வான் ஆலன் அதை விளக்கினார். பட்டைகளுக்கு அவர் பெயரே நிலைத்தது. முதலில் போனவர்களின் கையில் குறியீடு இருந்தது. அதைக் கேட்டவர்களுக்குக் கொடுத்திருந்தால் கண்டுபிடிப்பும் அவர்களுடையதாகவே இருந்திருக்கும்.

இதைவிடத் தெளிவான பாடம் 1964-க்கும் 1966-க்கும் இடையில் கிடைக்கிறது. அமெரிக்கா இருவர் செல்லும் ஜெமினி கலத்தைத் தயாரித்துக்கொண்டிருந்தது. அதற்கு முன் மூவரை அனுப்பிவிட வேண்டும் என்பது மாஸ்கோவின் அவசரம். யூரி ககாரின் ஒருவராகப் போன அதே உருண்டைக் கலத்துக்குள் மூன்று இருக்கைகளைத் திணித்தார்கள். இடம் போதாததால் விண்வெளி உடையை நீக்கினார்கள். வீரரைக் கலத்திலிருந்து வெளியே வீசித் தப்பவைக்கும் இருக்கையையும் நீக்கினார்கள். புறப்படும்போது ராக்கெட்டில் கோளாறு ஏற்பட்டிருந்தால் மூவருக்கும் போக்கிடமே இல்லை. 1964 அக்டோபரில் வஸ்கோத் 1 என்ற அந்தக் கலம் பத்திரமாகப் போய்த் திரும்பியது, உலகம் கைதட்டியது. அடுத்த மார்ச்சில் அலெக்ஸி லியோனோவ் முதன்முதலாகக் கலத்துக்கு வெளியே வந்து விண்வெளியில் மிதந்தார். வெற்றிடத்தில் அவருடைய உடை பலூன் மாதிரி உப்பிவிட்டது. கையுறைக்குள் விரல் எட்டவில்லை. காற்றைச் சிறிது சிறிதாகத் திறந்துவிட்டு, உயிரைப் பணயம் வைத்து உள்ளே நுழைந்தார். அவருடைய துணிச்சலை நினைத்தால் இன்றும் உடல் சிலிர்க்கிறது. அதன்பின் இரண்டு ஆண்டுகளுக்கு ஒரு சோவியத் வீரர்கூட மேலே போகவில்லை.

அந்த இரண்டு ஆண்டுகளில் ஜெமினி 10 முறை வீரர்களைச் சுமந்து போனது. இரண்டு கலங்களை ஓரடி இடைவெளி வரை நெருக்கிக் கொண்டுவரக் கற்றார்கள். ஜெமினி 8-ல் ஆம்ஸ்ட்ராங் முதல் இணைப்பைச் செய்துகாட்டினார், சிறிது நேரத்தில் ஓர் உந்துவிசைக் குழல் அணையாமல் எரிந்துகொண்டே இருக்க, கலம் பம்பரமாய்ச் சுழன்றது, பாதியில் திரும்பினார். யூஜின் செர்னன் வெளியே போய் வேலை பார்க்க முயன்றார்; வியர்த்துக் களைத்து, தலைக்கவசக் கண்ணாடி ஆவி படிந்து, கண் தெரியாமல் திரும்பினார். ஏன் என்று உட்கார்ந்து யோசித்தார்கள். கைப்பிடிகளும் கால்பிடிகளும் பொருத்தினார்கள். நீருக்கடியில் பயிற்சி கொடுத்தார்கள். 1966 நவம்பரில் பஸ் ஆல்ட்ரின் அதே மாதிரி வேலையை நிதானமாக முடித்துவிட்டு வந்தார். நிலவுக்கு வழி போட்டது இந்தத் தொடர்தான் என்று நான் நினைக்கிறேன். இரு தரப்புக்கும் ஒரே போட்டி. ஒரு தரப்பு அதைக் காட்சிக்குச் செலவழித்தது, மற்றொன்று பயிற்சிக்குச் செலவழித்தது.

இதை வைத்து அமெரிக்காவை நிதானத்தின் இருப்பிடமாகக் காட்டிவிடவும் முடியாது. 1961 மார்ச்சில், ககாரின் பறப்பதற்கு மூன்று வாரம் முன்பு, வலன்டின் போந்தரென்கோ என்ற இளம் சோவியத் வீரர் ஆக்சிஜன் மிகுந்த சோதனை அறைக்குள் தீப்பற்றி இறந்தார். ஆல்கஹாலில் நனைத்த ஒரு பஞ்சு, சூடான அடுப்பின்மேல் விழுந்தது, அவ்வளவுதான். அந்த மரணத்தை 1986 வரை மறைத்தார்கள். அது வெளியே தெரிந்திருந்தால் கிரிசமும் தோழர்களும் பிழைத்திருப்பார்கள் என்று சிலர் எழுதுகிறார்கள். எனக்கு அதில் முழு உடன்பாடில்லை. தூய ஆக்சிஜனில் தீ எப்படிப் பாயும் என்று அமெரிக்கப் பொறியாளர்களுக்கும் தெரியும். அவர்களுடைய சோதனை அறைகளிலும் தீ பிடித்திருக்கிறது. தெரிந்த ஆபத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிவைக்கச் செய்தது நாள்காட்டி. அப்போலோ தீ நடந்து மூன்று மாதம் கழித்து அதே நாள்காட்டி சோவியத் வீரர் கொமரோவையும் கொண்டுபோனது. ஆளில்லாச் சோதனைகள் எதுவும் ஒழுங்காக முடியாத நிலையில் சோயுஸ் 1 அவரை ஏற்றிச் சென்றது. திரும்பும்போது பெரிய பாராசூட் வெளியே வரவில்லை.

அமெரிக்கா தீவிபத்தை ஊரறிய விசாரித்தது. கதவை வெளிப்பக்கமாக நொடிகளில் திறக்கும்படி மாற்றியது. எரியக்கூடிய பொருள்களைக் களைந்தது. அடுத்த வீரர்கள் அப்போலோவில் ஏற 1968 அக்டோபர் ஆகிவிட்டது. அந்தத் தாமதம்தான் கலத்தை நிலவுக்குப் போகத் தகுந்ததாக ஆக்கியது.

போட்டிக்கு இன்னொரு குறை உண்டு: கோட்டைத் தொட்டதும் ஓட்டம் நின்றுவிடும். நிலவில் நடந்த 12 பேரில் தொழில்முறைப் புவியியலாளர் ஒருவர்தான், ஹாரிசன் ஷ்மிட். அவர் போனதே கடைசிப் பயணமான அப்போலோ 17-ல். அதற்குப் பிறகு திட்டமிட்டிருந்த பயணங்களை 1970-லேயே ரத்து செய்துவிட்டார்கள். பெண்கள் விஷயத்திலும் இதே கதைதான். 1963-ல் வலன்டினா தெரஷ்கோவா போய் வந்தார். முதல் பெண் என்ற பட்டம் கிடைத்துவிட்டது. அடுத்த சோவியத் பெண் 1982-ல்தான் போனார். மாறாக, கூட்டம் அதிகம் எட்டிப் பார்க்காத வெள்ளிக் கோளை நோக்கிச் சோவியத் அறிஞர்கள் தோற்றுத் தோற்றுப் பொறுமையாக அனுப்பிய வெனெரா கலங்களைப் பாருங்கள். 1970-ல் தரையிறங்கின, 1975-ல் அந்தக் கொதிக்கும் தரையைப் படம் எடுத்து அனுப்பின. அந்த நாட்டின் விண்வெளி முயற்சிகளில் எனக்கு மிகவும் பிடித்தது அதுதான்.

போட்டியாளர்கள் சேர்ந்து நின்ற ஒரு காட்சி நமக்குப் பக்கத்திலேயே உண்டு. 1963 நவம்பர் 21-ல் திருவனந்தபுரத்தை ஒட்டிய தும்பா மீனவக் கிராமத்திலிருந்து முதல் ராக்கெட் எழுந்தபோது, ராக்கெட் அமெரிக்காவுடையது. அதில் வைத்த கருவி பிரான்சுடையது. கடற்கரைக்கு மேலே பறந்து பாதுகாப்பு பார்த்த ஹெலிகாப்டர் சோவியத்துடையது. இராமேசுவரத்து அப்துல் கலாம் அன்று அங்கே வேலை பார்த்த இளம் பொறியாளர்களில் ஒருவர். மேலே சண்டையிட்டவர்கள் அங்கே ஒரே மணலில் நின்றார்கள்.

1975 ஜூலை 17-ல் அப்போலோவும் சோயுஸும் பூமிக்கு மேலே இணைந்தன. லியோனோவும் தாமஸ் ஸ்டாஃபர்டும் கைகுலுக்கிய படத்தைப் பலரும் பார்த்திருப்பார்கள். நான் பார்க்கச் சொல்வது அவர்களுக்கு இடையே இருந்த வளையத்தை. அதுவரை கலங்களை இணைக்க ஒன்றில் நீட்டிய முனையும் மற்றதில் அதை ஏற்கும் குழியும் இருக்கும். எந்த நாடு முனை, எந்த நாடு குழி என்பதே மானப் பிரச்சினையாகிவிடும். விளாதிமிர் சிரொம்யாத்னிகோவும் அமெரிக்கப் பொறியாளர்களும் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கும் வளையத்தை உருவாக்கினார்கள். ஒவ்வொன்றிலும் விரல்போல மூன்று தகடுகள். ஒன்றின் தகடுகள் மற்றதன் இடைவெளிகளுக்குள் போய் அமரும். எந்தப் பக்கமும் முன்வந்து பிடிக்கலாம். எந்தப் பக்கமும் காத்திருக்கலாம். அந்த வளையத்தின் வழிவந்த ஒன்றுதான் சர்வதேச விண்வெளி நிலையத்தின் முதல் ரஷ்யப் பகுதியையும் முதல் அமெரிக்கப் பகுதியையும் 1998 டிசம்பரிலிருந்து பிடித்துக்கொண்டிருக்கிறது.