பெயர் சுட்டாத கண்டனம்

திருத்தந்தை பிரான்சிஸின் ஒப்புதலோடு 2018 மே மாதம் வத்திக்கான் வெளியிட்ட நிதி அறநெறி ஆவணத்துள், வரிப் புகலிடங்கள் குறித்த பகுதியே மிகக் கூர்மையானது. வறிய நாடுகளின் பொதுக்கடன் சுமையை அவை பெருக்கின என்றும், அந்நாட்டுச் செல்வர் சிலர் அங்கே குவித்த பணம் அக்கடனுக்கு ஏறத்தாழ ஈடானது என்றும் அது தயங்காமல் உரைக்கிறது.

ஆயினும் எந்தப் புகலிடத்தையும் அது பெயர் சொல்லிச் சுட்டவில்லை. நமக்கோ அப்பெயர் தெரிந்ததே: மொரீசியஸ். நம்மவர் கரும்புத் தோட்டக் கூலிகளாய்ச் சென்ற தீவு. அதன் பணத்தாளில் இன்றும் தமிழ் எழுத்து உண்டு. 1982இல் கையெழுத்தான ஒப்பந்தப்படி, அத்தீவில் பதிவான நிறுவனம் இந்தியப் பங்குகளை விற்று ஈட்டிய ஆதாயத்துக்கு இங்கே வரியில்லை, அங்கும் இல்லை. ஆகவே வேற்று நாட்டு முதலாளிகளும் அங்கே ஒரு முகவரி தேடிக்கொண்டனர். திருவண்ணாமலைக் கிரிவலப் பாதையில் சுண்டல் விற்பவர் வாங்கும் சோப்புக்கட்டிக்கு வரி உண்டு என்பதையும் இங்கே நினைக்கலாம்.

2003இல் உச்ச நீதிமன்றம் இவ்வழியைச் செல்லும் என்றது. முதற்பார்வைக்குத் தீமையாய்த் தோன்றுவனவற்றுள் சிலவற்றை, நெடுங்கால வளர்ச்சியின் பொருட்டு, வளரும் நாடு பொறுத்துக்கொள்கிறது என்பது தீர்ப்பின் வாதம். எளிதில் தள்ளத்தக்க வாதமன்று. அறநெறி இறையியல் பயின்றோர்க்குப் பழகிய சிக்கலுங்கூட. ஆவணத்தில் இதற்கு நேரான விடையைத் தேடினேன், கிடைக்கவில்லை. பொறுத்துக்கொள்வது யார், எத்தனை காலம் என்றேனும் அது கேட்டிருக்கலாம். ஒப்பந்தத்தின் அவ்விதி திருத்தப்பட்டது 2016இல். அதுவும் 2017 ஏப்ரல் முதல் வாங்கிய பங்குகளுக்கு மட்டுமே.