பீட்டர் கிரைம்ஸும் ஆல்டுபரோவின் நினைவும்

இங்கிலாந்தின் கிழக்குக் கரையில், சஃபோக் பகுதியில் உள்ள கடலோரச் சிற்றூர் ஆல்டுபரோ. ஒரு காலத்தில் ஊரின் நடுவே இருந்த மன்றக் கட்டடம் இன்று கூழாங்கல் கரையை ஒட்டி நிற்கிறது. கட்டடம் இடம் மாறவில்லை. அதற்கும் கடலுக்கும் இடையே இருந்த தெருக்களைக் கடல் கொண்டுவிட்டது. அவ்வூரின் பழைய வாழ்க்கையைக் காண விரும்புவோர் 1810இல் வெளிவந்த 'தி பரோ' என்னும் செய்யுள் நூலையே நாட வேண்டும்.

நூலாசிரியர் ஜார்ஜ் கிராப் (1754–1832) அவ்வூரிற் பிறந்தவர். தந்தையார் உப்புவரி தண்டும் அலுவலர். கிராப் இளமையில் சிலாடன் துறையில் பீப்பாய் உருட்டினார். பின்னர் ஊரிலேயே மருத்துவம் பார்த்துத் தோல்வியுற்றார். லண்டன் சென்று, எட்மண்டு பர்க்கின் ஆதரவால் சமயக் குருவாகித் திரும்பியபோதும் ஊரார் அவரை உவந்து ஏற்கவில்லை. ஆதலால் இஃது ஊர்ப்பெருமை பேசும் நூல் அன்று. தேர்தல், விடுதி, சிறை, பள்ளிக்கூடம் என 24 மடல்களாக விரிகிறது. அவற்றுட் சில நீண்டு சலிப்பூட்டுவன என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஏழைகளைப் பற்றிய மடல்களே நூலின் உயிர். அவற்றுள்ளும் தலையாயது 22ஆம் மடலாகிய பீட்டர் கிரைம்ஸ்.

கிரைம்ஸ் ஒரு மீனவன். பெற்ற தந்தையையே அடித்தவன். லண்டன் ஏழையர் விடுதிச் சிறுவர்களைத் தொழில் பழக்குவதாகக் கூறி, ஒரு தொகையும் சேர்த்து ஒப்படைக்கும் வழக்கம் அந்நாளில் இருந்தது. அவ்வாறு வந்த மூன்று சிறுவர்கள் அவனிடம் ஒருவர்பின் ஒருவராக மடிகின்றனர். குளிரையும் பசியையும் அடியையும் கிராப் ஒளிக்காமல் எழுதுகிறார். அழுகுரல் தெருவரை கேட்கிறது. கேட்டவர்களோ அஃது அவன் அன்றாடப் பழக்கம் என்று பேசிவிட்டுத் தம் வழி போகின்றனர். அவனுடைய கொடுமைக்கு நிகராக ஊரின் வாளாவிருத்தலும் குற்றமாகப் பதிவாகும் இடம் இது. பின்பு தனியனாகிய கிரைம்ஸ், வற்றிய கழியில், வெயிலில் வெடித்த சேற்றுக்கும் ஊர்ந்து திரியும் நண்டுக்கும் நடுவே படகைக் கட்டிக் கிடக்கிறான். கடலெனின் அழகு தேடும் புலவர் பலர். கிராப்புக்குச் சேறே கருப்பொருள். கொலையுண்ட மனமும் அச்சேறும் ஒன்றாகித் தோன்றுகின்றன. இக்கதைக்கு மூலம் அவ்வூரில் வாழ்ந்த ஒரு மீனவனே என்று கிராப்பின் மகன் 1834இல் எழுதினார்.

இனி மற்றொரு கிரைம்ஸ். 1941இல் அமெரிக்காவில் இருந்த இசைவாணர் பெஞ்சமின் பிரிட்டன், கிராப்பைப் பற்றி இ. எம். பாஸ்டர் எழுதிய கட்டுரையைப் படித்துத் தாயகம் திரும்ப உளங்கொண்டார். அவருடைய 'பீட்டர் கிரைம்ஸ்' இசைநாடகம் 1945 ஜூன் 7இல் லண்டனில் அரங்கேறியது. மாண்டேகு சிலேட்டர் எழுதிய அந்நாடகத்தில் கிரைம்ஸ் கொடியவன் என்பதினும் ஊரால் வேட்டையாடப்பட்ட தனியனாகவே நிற்கிறான். கிராப்பின் நூலில் வேறொரு மடலுக்கு உரியவளும் கிரைம்ஸோடு தொடர்பே இல்லாதவளுமான எலன் ஆர்போர்டு, இங்கே அவன் மணக்க விரும்பும் ஆசிரியை. சிறுவன் செங்குத்துப் பாறையிலிருந்து தவறி விழுகிறான். ஆல்டுபரோவின் தாழ்ந்த கரையில் அத்தகைய பாறை ஏது? அச்சிறுவனுக்குப் பாட்டு ஒன்றும் இல்லை; அலறல் ஒன்றே உண்டு.

இசையின் பெருமையை எவரும் மறுக்க இயலாது. கலைஞன் கதையை மாற்றலாம். அஃது அவன் உரிமை. ஆனால் 1948இல் பிரிட்டனும் நண்பர்களும் ஆல்டுபரோவில் இசைவிழாவைத் தொடங்கியபின், ஊருக்கு வெளியே பிறந்த அக்கதையே ஊரின் நினைவாகவும் நிலைபெற்றது. 2013இல், பிரிட்டன் நூற்றாண்டில், அந்நாடகத்தை அக்கடற்கரையிலேயே நடித்தனர். இம்மாற்றத்தில் இழப்பு யாருக்கு? கிரைம்ஸுக்கு இரக்கம் கிடைத்தது. ஊருக்குப் புகழ் கிடைத்தது. ஏழையர் விடுதியிலிருந்து வந்த சிறுவர்கள்தாம் பின்னிடம் பெற்றனர். கிராப்பின் மடலிற் குளிரில் நடுங்கி நின்ற அவர்களே கதையின் நடுவண் இருந்தவர்கள். ஊர் வரலாறு என்ற அளவில் கிராப்பே நம்பத்தக்கவர்.

2003இல் மாகி ஹாம்பிளிங் என்னும் சிற்பி பிரிட்டனின் நினைவாக அக்கரையில் எஃகுச் சிப்பி ஒன்றை நிறுவினார். அதன் விளிம்பில் துளைத்திருக்கும் சொற்கள் இசைநாடகத்திலிருந்து எடுத்தவை. மன்றக் கட்டடத்திலிருந்து வடக்கே கரையோரம் சிறிது தொலைவு நடந்தால் அதைக் காணலாம்.