கடைசிக் கோர்ட்டில் உட்காருங்கள்

விம்பிள்டனையும் அமெரிக்க ஓபனையும் டிவியில் பார்த்துப் பழகியவர், அமெரிக்காவில் ஓர் உயர்நிலைப் பள்ளி டென்னிஸ் போட்டிக்குப் போனால் முதல் கால் மணி நேரம் திண்டாடிப் போவார். கம்பி வேலிக்குள் ஏழெட்டுக் கோர்ட், எல்லாவற்றிலும் ஒரே நேரத்தில் ஆட்டம். உயர நாற்காலியில் நடுவர் இல்லை. பந்து பொறுக்கிக் கொடுக்க ஆள் இல்லை. ஸ்கோர் தெரிய வேண்டுமானால் நெட் கம்பத்தில் தொங்கும் எண் அட்டையைத் தேட வேண்டும். அதையும் பிள்ளைகள் பாதி நேரம் திருப்ப மறந்துவிடுவார்கள். வந்தவர்களில் பெரும்பாலானோர் தங்கள் வீட்டுப் பிள்ளை ஆடும் கோர்ட்டை மட்டும் பார்த்துவிட்டுக் காரைக் கிளப்பிவிடுகிறார்கள். மற்றவர்கள் முதல் கோர்ட்டில் இடிபோல் அடிக்கும் நட்சத்திரத்தின் பின்னால் கூடுகிறார்கள். இரண்டுமே நஷ்டம் என்பேன்.

மிச்சிகன் மாநிலத்தை எடுத்துக்கொள்வோம். டெட்ராய்ட்டைச் சுற்றியுள்ள நோவை, ட்ராய், கேன்டன் போன்ற ஊர்களில் கார்க் கம்பெனி வேலைக்காக வந்து தங்கிய நம் ஊர்க் குடும்பங்கள் கணிசம். அங்குள்ள பள்ளி அணிகளில் இந்தியப் பெயர்கள் சகஜம். இந்த மாநிலத்தில் ஓர் அணிக்கு நான்கு ஒற்றையர், நான்கு இரட்டையர் ஜோடி. ஆக 12 பேர், எட்டு ஆட்டம், எட்டுப் புள்ளி. ஒருவர் ஒற்றையரிலும் இரட்டையரிலும் சேர்த்து ஆட முடியாது. ஒற்றையர் நால்வரையும் திறமை வரிசைப்படி ஒன்று முதல் நான்கு வரை நிறுத்த வேண்டும். இரட்டையர் ஜோடிகளும் அப்படியே. பலசாலியைக் கீழே ஒளித்து வைத்துச் சுலபமாகப் புள்ளி தேற்றுவது தடைசெய்யப்பட்ட வேலை.

இந்தக் கணக்குக்குள்தான் ரசனையின் சாவி இருக்கிறது. முதல் ஒற்றையர் ஆடுகிறவன் ஆறு வயதிலிருந்து தனிப் பயிற்சி பெற்று, தேசியத் தரவரிசையில் இருப்பவனாக இருக்கலாம். நான்காவது இரட்டையரில் நிற்பவன் போன வருடம் கூடைப்பந்து அணியில் இடம் கிடைக்காமல் ராக்கெட்டைத் தூக்கியவனாக இருக்கலாம். இருவரில் யார் வென்றாலும் பள்ளிக்குக் கிடைப்பது ஒரே ஒரு புள்ளி. பக்கத்து இண்டியானாவில் மூன்று ஒற்றையர், இரண்டு இரட்டையர் என்று ஐந்து ஆட்டத்தோடு முடித்துவிடுகிறார்கள். தெற்குக் கலிபோர்னியாவில் மூன்று ஒற்றையர், மூன்று இரட்டையர். ஒற்றையர் ஒவ்வொருவரும் எதிரணியின் மூவரையும், ஜோடி ஒவ்வொன்றும் மூன்று ஜோடிகளையும் சுற்றிச் சுற்றிச் சந்திக்க, மொத்தம் 18 செட். பத்து எடுத்தவர் வென்றார். எந்த ஊர் ஏற்பாடாக இருந்தாலும் ஒரு நட்சத்திரத்தை வைத்துக்கொண்டு அணி ஜெயிக்க முடியாது என்பதில் மாற்றமில்லை.

ஆகவே நேராகக் கடைசிக் கோர்ட்டுக்குப் போய் உட்காருங்கள். நான்காவது இரட்டையர் அங்கேதான் பெரும்பாலும் ஆடும்.

மிச்சிகனின் தென்பகுதியில் பையன்களுக்கு ஆகஸ்டில் சீசன் தொடங்கி அக்டோபரில் முடிகிறது. பெண்களுக்கு வசந்த காலம். ஆகஸ்ட் மாதத்து நான்காவது இரட்டையரைப் பார்த்தால் முதலில் சிரிப்பு வரும். நெட் அருகே நிற்பவன் நட்ட கம்பம் மாதிரி நிற்பான். தன் மேல் பந்து வந்தால் தடுப்பான், வராவிட்டால் வேடிக்கை பார்ப்பான். இருவருக்கும் நடுவில் விழும் பந்தை இருவரும் விட்டுவிட்டு ஒருவரையொருவர் பார்ப்பார்கள். சர்வ் போடுகிறவன் முதல் சர்வைப் பலம் கொண்ட மட்டும் அடித்து நெட்டில் போட்டுவிட்டு, இரண்டாவது சர்வைக் குழந்தைக்குச் சோறு ஊட்டுவது போல் மெல்லத் தள்ளுவான். இதையெல்லாம் பொறுமையாகப் பார்த்து வையுங்கள். பின்னால் வரும் ரசனைக்கு இது முதலீடு.

பார்ப்பதற்கு ஒரு முறை உண்டு. பந்தைத் துரத்திக்கொண்டு கண்ணை அங்குமிங்கும் ஓட விடாதீர்கள். பந்தை அடிக்காத கூட்டாளியைப் பாருங்கள். இரட்டையரின் தரம் முழுக்க அவன் கால்களில் தெரியும். தன் கூட்டாளி ஓரத்துக்கு இழுக்கப்பட்டால் நடுவை மூட இவனும் நகர்கிறானா? தலைக்கு மேல் பந்து போனால் 'ஸ்விட்ச்' என்று குரல் கொடுத்து இடம் மாறுகிறார்களா? முதுகுக்குப் பின்னால் விரலைக் காட்டி, 'அடுத்த பந்தில் குறுக்கே பாயப்போகிறேன்' என்று சொல்கிறானா? செப்டம்பர் நடுவில் இவற்றில் ஒன்றிரண்டு தலைகாட்டும். அக்டோபரில் அதே பையன், எதிராளி அடிப்பதற்கு ஒரு நொடி முன்பே பாய்ந்து பந்தை மறித்து இரண்டு பேருக்கும் நடுவில் இறக்குவான். அந்த ஒரு ஷாட்டின் விலை ஆகஸ்டில் பார்த்தவருக்குத்தான் தெரியும்.

இரண்டாவது சர்வையும் தொடர்ந்து கவனியுங்கள். பள்ளி டென்னிஸில் வளர்ச்சியை அளக்க இதைவிட நல்ல அளவுகோல் எனக்குத் தெரியாது. தள்ளிவிடுகிற சர்வ் பாதுகாப்பானது, ஆனால் எதிராளிக்கு விருந்து. அதைச் சுழற்றி அடிக்கக் கற்கும் வாரங்களில் டபுள் ஃபால்ட் ஏகத்துக்கும் விழும். கையிலிருந்த ஆட்டம்கூடப் போகும். பெற்றோர் பதறுவார்கள். நல்ல கோச் வாயைத் திறக்க மாட்டார். மூன்று வாரத் தோல்வியைப் பொறுத்துக்கொண்டால்தான் நாலாவது வாரம் அந்தச் சர்வ் கையில் நிற்கும்.

அடுத்தது, நடுவர் இல்லாத விஷயம். தன் பக்கம் விழும் பந்து உள்ளேயா வெளியேயா என்று தீர்ப்புச் சொல்ல வேண்டியவர் அந்தப் பக்கம் ஆடுகிறவரே. அமெரிக்க டென்னிஸ் சங்கம் வெளியிடும், கர்னல் நிக் பவல் முதலில் எழுதிய 'தி கோட்' என்ற நெறிமுறை இதற்கு வழிகாட்டி. அதன் சாரம் எளிது: துளி சந்தேகம் இருந்தாலும் பந்து உள்ளே, நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்கு வெளியே என்று தோன்றினாலும் அது உள்ளேதான். ஜோடிக்குள் இருவரும் வேறு வேறு சொன்னால் பந்து எதிராளிக்குச் சாதகம். வேலிக்கு வெளியே இருப்பவர்கள் வாய் திறக்கக் கூடாது.

பதினைந்து வயதில், தோற்றுக்கொண்டிருக்கும்போது, தன் கண்ணுக்கு மட்டும் தெரிந்த உண்மையைத் தனக்கு எதிராகச் சொல்வது சின்ன விஷயமா? ஒரு சனிக்கிழமைப் போட்டியில் இதை நெருக்கத்தில் பார்க்க வாய்த்தது. நான்காவது இரட்டையர், இரண்டாவது செட், 5–5. எதிரணி தூக்கிப் போட்ட லாப் பின் கோட்டை ஒட்டி விழுந்தது. கண்ணாடி போட்ட பையன் விரலை உயர்த்தி 'அவுட்' என்றான். அவன் கூட்டாளி, நெடுநெடுவென்று வளர்ந்தவன், ஒரு கணம் தரையைப் பார்த்தான். பிறகு நெட்டைப் பார்த்துத் திரும்பி, 'இல்லை, லைனில் பட்டது' என்றான். பாயின்ட் போயிற்று. கேமும் போயிற்று, கொஞ்ச நேரத்தில் 7–5 என்று ஆட்டமே போயிற்று. கை குலுக்கிவிட்டு வெளியே வந்த இருவரிடமும் கோச் அந்த அவுட்டைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. 'அந்த லாபைத் தரையில் விழ விட்டது ஏன்? அது யாருடைய பந்து?' என்று மட்டும் கேட்டார். இருவரும் ஒரே நேரத்தில் 'என்னுடையது' என்றார்கள்.

கோட்டைப் பற்றிப் பேசும்போது டென்னிஸ் வீரர் ஆர்தர் ஆஷ் நினைவுக்கு வராமல் இருக்க முடியாது. நிறவெறி கோலோச்சிய வர்ஜீனியாவில் அவருக்குப் பயிற்சி அளித்த டாக்டர் ராபர்ட் வால்டர் ஜான்சன், தம்மிடம் பயின்ற கறுப்பினப் பிள்ளைகளுக்கு ஒரு கண்டிப்பான பாடம் வைத்திருந்தார்: கோட்டுக்கு ஓரிரு அங்குலம் வெளியே விழுந்த பந்தையும் உள்ளே என்று எண்ணி ஆடு, எதற்கும் வாதாடாதே. வெள்ளையர் மைதானத்தில் 'ஏமாற்றினான்' என்ற ஒரு சொல்லுக்கும் இடம் தரக்கூடாது என்பது அவர் கணக்கு. அது பெருந்தன்மைப் பாடமல்ல, பிழைத்திருப்பதற்கான பாடம். பள்ளியின் கடைசி வருடத்தில் செயின்ட் லூயிஸ் நகரின் சம்னர் பள்ளிக்கு மாறிய ஆஷ், அதுவரை கறுப்பினத்தவரைச் சேர்க்காத பள்ளிகளுக்கிடையிலான தேசியப் போட்டியில் 1961இல் ஆடி வென்றார். 1968 அமெரிக்க ஓபனும் 1975 விம்பிள்டனும் பிறகு வந்தவை. இன்றைய பிள்ளைகளுக்கு அந்த நெருக்கடி இல்லை. ஆனாலும் தன் பக்கத்துக் கோட்டுக்குத் தானே சாட்சி என்ற ஏற்பாடு அப்படியே இருக்கிறது.

வார நாட்களில் இரண்டு பள்ளிகள் மோதும் 'டூயல் மீட்' நடக்கும். அதைவிட ருசி சனிக்கிழமைகளில்தான். நான்கு பள்ளிகள் கூடி ஒவ்வொன்றும் மற்ற மூன்றையும் சந்திப்பதைக் 'குவாட்' என்கிறார்கள். இன்னும் பெரிய அழைப்புப் போட்டிகளில் ஒவ்வொரு வரிசைக்கும் தனித்தனி டிரா. யார் யாரை முன்பு வென்றார்கள் என்ற கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு கோச்சுகள் சீடிங்குக்கு வாதாடுவதே ஒரு தனி ஆட்டம். காலையில் தோற்றவன் மத்தியானம் மறுபடி கோர்ட்டில் இறங்கியாக வேண்டும். அழுது முடிக்க அவகாசம் இல்லை. மூன்றாவது ஆட்டத்தில் யார் கால் இன்னும் நகர்கிறது, வாழைப்பழமும் தண்ணீரும் எடுத்து வந்தவன் யார், பீட்சாவைத் தின்றுவிட்டு வந்தவன் யார் என்பதெல்லாம் தெளிவாகத் தெரிந்துவிடும்.

எல்லாவற்றிலும் மேலான சுவை, அதே எதிராளி திரும்பி வருவது. லீக் ஆட்டத்தில் சந்தித்த ஜோடியை அழைப்புப் போட்டியிலும், பிறகு அக்டோபரில் மாநில இறுதிக்குத் தகுதி தரும் வட்டாரப் போட்டியிலும் சந்திக்க நேரும். பள்ளி டென்னிஸில் எல்லோருக்கும் வாய்க்கும் ஓர் எமன் உண்டு: எதையும் ஓங்கி அடிக்காமல், வருகிற எல்லாவற்றையும் உயரமாகத் திருப்பி அனுப்பிக்கொண்டே இருப்பவன். முதல் சந்திப்பில் நம் பையன் ஆத்திரப்பட்டு அடித்து அடித்தே தோற்பான். இரண்டாவதில் தானும் தூக்கிப் போட்டு, இரண்டரை மணி நேரம் ஆடித் தோற்பான். மூன்றாவதில் ஒரு குட்டைப் பந்தைப் போட்டு அவனை நெட்டுக்கு வரவழைப்பான். வென்றானா என்பது அப்புறம். அந்தக் குட்டைப் பந்துக்காகத்தான் மூன்று முறையும் போயிருக்க வேண்டும்.

நம் பெற்றோரைப் பற்றியும் ஒன்று சொல்லியாக வேண்டும். பிள்ளை இரட்டையரில் இடம் பெற்றான் என்றால் நம்மவர் முகம் சுருங்குகிறது. 'ஏன், சிங்கிள்ஸ் கொடுக்கலையா?' என்று கோச்சிடம் மின்னஞ்சல் பறக்கிறது. முதல் மார்க், இரண்டாம் மார்க் பழக்கம் ஆகஸ்ட் வெயிலில்கூட உருகுவதில்லை. கோச் இரட்டையரில் போடுவது தண்டனையல்ல. எட்டில் ஐந்து எடுக்க வேண்டியவருக்கு நான்கு இரட்டையரும் தங்கச் சுரங்கம். இன்னொன்று, எதிராளி டபுள் ஃபால்ட் போட்டால் கை தட்டாதீர்கள். மகன் பாயின்ட் தோற்றவுடன் வேலிப் பக்கம் திரும்பிப் பார்த்தால், அங்கே உங்கள் முகம் எப்படி இருக்கிறது என்றுதான் பார்க்கிறான்.

டென்னிஸின் உச்சத் தரம்தான் வேண்டும் என்பவர்களுக்கு இதே மிச்சிகனில் வேறு இடம் இருக்கிறது. கலமசூ நகரில் 1943 முதல் ஆகஸ்டில் பையன்களுக்கான தேசிய ஜூனியர் போட்டி நடக்கிறது. அங்கே யாரும் பள்ளிக்காக ஆடுவதில்லை, தனக்காக ஆடுகிறார்கள். பெரிய கனவுள்ள பலர் பள்ளி அணிப் பக்கமே வருவதில்லை. விதிவிலக்கு ஜாக் சாக். கன்ஸாஸில் தன் பள்ளிக்கு நான்கு வருடம் ஆடி 80 ஆட்டங்களில் ஒன்றில்கூடத் தோற்காதவர். கலமசூவில் 2010, 2011 இரண்டு வருடமும் வென்றவர். 2014இல் விம்பிள்டன் இரட்டையர் பட்டம் எடுத்தவர். மகத்தான ஆட்டக்காரர்தான். ஆனால் அந்த 80 ஆட்டத்தையும் வேலிக்கு வெளியே நின்று பார்த்தவருக்கு, பக்கத்துக் கோர்ட்டில் நடந்ததுதான் கூடுதல் சுவாரசியமாக இருந்திருக்கும் என்பது என் துணிபு.

மாலை கவியும் நேரத்தில் அணிக் கணக்கு 4–3 என்று நின்றால், ஆட்டம் முடித்தவர்கள் எல்லோரும் மிச்சமிருக்கும் ஒரே கோர்ட்டின் வேலியோரம் வந்துவிடுவார்கள். சீசன் தொடக்கத்தில் இப்படி வருவதில்லை. அவரவர் பையைத் தூக்கிக்கொண்டு போனைப் பார்த்தபடி பஸ்ஸில் உட்கார்ந்திருப்பார்கள். முதல் ஒற்றையர் ஆடும் நட்சத்திரம் கடைசி இரட்டையருக்காகத் தொண்டை கிழியக் கத்தத் தொடங்கிய நாளைக் குறித்துக்கொள்ளுங்கள். அன்றுதான் பன்னிரண்டு பேர் அணியாகியிருக்கிறார்கள்.

பிள்ளைகளைப் பார்க்க அந்தப் பக்கம் போகிறவர்கள் ஒரு சாயங்காலத்தை இதற்கு ஒதுக்குங்கள். பள்ளி விட்டபின், நாலு மணி சுமாருக்குத் தொடங்கும். வார நாள் ஆட்டங்களுக்குப் பெரும்பாலும் டிக்கெட் கிடையாது. மடக்கு நாற்காலி ஒன்று, ஆகஸ்டானால் தொப்பி, அக்டோபரானால் கம்பளி. குளிரில் பந்து எழும்பாது, ஆட்டம் இழுக்கும். எட்டு ஆட்டமும் முடியும்வரை கிளம்பாதீர்கள். 4–4 என்று நின்றால் கூடுதல் ஆட்டம் வைத்து வெற்றியாளரைத் தேட மாட்டார்கள். சமன் என்று எழுதிக்கொண்டு இரண்டு அணியும் பஸ் ஏறிவிடும்.