புகழும் பெயரும்: ஒரு ராக் குழுவின் இசைநோக்கு

புகழாசையைக் கண்டிக்கும் பிரசங்கங்களில் ராக் இசைஞன் எளிதாகக் கிடைக்கும் உவமை. மேடை, ஒளி, ஆரவாரம், பின்பு வீழ்ச்சி என்று கதையை முடித்துவிடலாம். மேலைநாடுகளில் இதற்குச் சான்றுகள் குறைவல்ல. ஆயினும் தமிழ்நாட்டின் ராக் குழு ஒன்றை ஆராய்வோர், அவ்வுவமையை அத்துணை எளிதாகக் கையாள இயலாது என்பதைக் காண்பர்.

இயக்குநர் பா. இரஞ்சித்தும் இசையமைப்பாளர் டென்மாவும் உருவாக்கிய 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழுவையே குறிப்பிடுகிறோம். அயோத்திதாசப் பண்டிதரின் 'சாதியில்லாத் தமிழர்' என்னும் கருத்திலிருந்து இப்பெயர் பிறந்தது. 2018 ஜனவரி 6 அன்று, சென்னை கீழ்ப்பாக்கத்தில், தென்னிந்தியத் திருச்சபையைச் சார்ந்த பெயின்ஸ் பள்ளி மைதானத்தில் முதல் நிகழ்ச்சி நடைபெற்றது. (திருச்சபையின் நிலத்தில் ஒலித்ததைத் திருச்சபை எவ்வளவு கேட்டது என்பது வேறு வினா.) மின்கிதாரும் டிரம்ஸும் ஒருபுறம், பறையும் சட்டியும் மறுபுறம், நடுவில் வடசென்னைக் கானா. சாவு வீட்டில் விடிய விடியப் பாடப்பட்ட கானா அன்று கோட்டும் சூட்டும் அணிந்து மேடையேறியது. அவ்வுடையில் அம்பேத்கரின் நினைவு உண்டு.

இசை என்ற அளவில் குழுவின் பாடல்கள் யாவும் ஒரே தரத்தன அல்ல. இடஒதுக்கீடு, மாட்டிறைச்சி ஆகிய பொருள்களில் அமைந்தவற்றில் முழக்கம் சில இடங்களில் இசையை விழுங்கிவிடுகிறது. கானாக் குரலுக்கு வழிவிட்டு மற்றக் கருவிகள் அடங்கும்போதே குழுவின் முழு ஆற்றல் வெளிப்படுகிறது. மதுரைத் தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் ஜே. தியோபிலஸ் அப்பாவு நாட்டுப்புற இசையில் வழிபாடு அமைத்தபோது, மக்கள் தாமே மாற்றிப் பாடக்கூடிய இசையைப் பெரிதாக மதித்தார். அவ்வளவுகோலால் அளந்தால் ராக் மேடைக்கு ஒரு குறை உண்டு. கேட்போர் ஆடுகின்றனர், பாட்டை மாற்றுவதில்லை.

புகழைப் பொறுத்தவரையில் இக்குழு தனி நட்சத்திரம் எவரையும் முன்னிறுத்தாமல் 19 பேருடன் தொடங்கியது. ஆனால் அக்குழுவில் பாடிய அரக்கோணத்து அறிவின் அனுபவமே இங்கு நம் சிந்தனைக்கு உரியது. 2021 மார்ச்சில் சந்தோஷ் நாராயணனின் தயாரிப்பில் தீயும் அறிவும் பாடிய 'என்ஜாய் எஞ்சாமி' உலகெங்கும் பரவிற்று. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்த தம் பாட்டியின் வாழ்வே அதற்கு ஊற்று என்றார் அறிவு. 1964-ஆம் ஆண்டின் சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 தோட்டத் தமிழரை, அவர்களைக் கேளாமலே, இந்தியாவின் பங்காக எழுதிவைத்தது. அம்மக்கள் ஏட்டில் எண்ணாக மட்டும் இருந்தனர்.

2021 ஆகஸ்டில் ஓர் இசை இதழின் அட்டையில் தீயின் படம் வந்தது. அறிவின் படம் இல்லை. 2022 ஜூலை 28 அன்று சென்னையில் நடந்த சதுரங்க ஒலிம்பியாட் தொடக்க விழாவில் அப்பாடல் அவரின்றி ஒலித்தது. தம் உழைப்பை எடுத்துரைத்து அறிவு பொதுவில் எழுதினார். சந்தோஷ் நாராயணனும் தம் விளக்கத்தைத் தந்தார். அவ்வழக்கில் தீர்ப்புக் கூறுவது நம் வேலையன்று. ஆனால் அறிவின் குரலைப் புகழாசை என்று ஒதுக்குவோமாயின், நாம் பெயரையும் புகழையும் ஒன்றாக்கிவிடுகிறோம்.

பென்னலூரிலிருந்து பார்த்தால் இவ்வேறுபாடு தெளிவாகும். அவ்வூரை ஒட்டிய பெங்களூர் நெடுஞ்சாலையில் ஆலைப் பேருந்துகள் ஒப்பந்தத் தொழிலாளரை ஏற்றிச் செல்கின்றன. அருகே இருங்காட்டுக்கோட்டையில் உருவாகும் காரின் முகப்பில் நிறுவனத்தின் பெயர் உண்டு. பொருத்திய கையின் பெயர் எங்கும் இராது. அத்தொழிலாளருள் ஓர் இளைஞன் ஞாயிறன்று ஆலயத்தில் அமர்ந்து, புகழைத் துறக்கும்படி நாம் சொல்வதைக் கேட்கிறான் என்று கொள்வோம். துறப்பதற்கு அவனிடம் எப்புகழ் இருக்கிறது?

தங்களுக்குப் பேர் உண்டாக்க முயன்ற பாபேல் மக்களை நாம் அடிக்கடி எடுத்துக்காட்டுகிறோம். யாத்திராகமத்தின் முதல் அதிகாரத்தை அவ்வளவாக எடுப்பதில்லை. அங்கே பார்வோனுக்குப் பெயர் கொடுக்கப்படவில்லை. எபிரெய மருத்துவச்சிகளான சிப்பிராளும் பூவாளும் பெயர் சொல்லப்படுகின்றனர். கோபுரத்தின் மேல் தன் பெயரை எழுதுவதும், உழைத்தவளின் பெயரை ஏட்டில் சேர்ப்பதும் வேதத்தில் வெவ்வேறு செயல்கள். இளைஞர் கூட்டங்களில் ராக் இசையைப் பற்றி இனிப் பேசுவோர் இவ்விரண்டில் எதைக் கண்டிக்கிறோம் என்பதை முதலில் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும்.

அப்பாடலால் தமக்கோ தீக்கோ அறிவுக்கோ வருவாய் ஏதும் வரவில்லை என்று 2024 மார்ச்சில் சந்தோஷ் நாராயணனே கூறினார். அவ்வாண்டிலேயே அறிவு தம் பாடல் தொகுப்பை வெளியிட்டார். அதன் தலைப்பு 'வள்ளியம்மா பேராண்டி'. பாட்டியின் பெயர் முன்னே நிற்கிறது. பாடியவர் பேரன் என்ற உறவால் மட்டும் அதில் குறிக்கப்படுகிறார்.