பூனை போட்ட கோலம்

"டீச்சர், பூனை கோலம் போட்டுருச்சு!"

ஏழாம் வகுப்பு முழுக்க லேப் அதிரக் கத்திய அந்தச் சத்தம் இன்னும் என் காதில்தான் இருக்கிறது. பத்தொன்பது வருஷமாக டீச்சர் வேலை பார்க்கிறேன். இப்படி மூன்று வாரம் எனக்கு வாய்த்ததே இல்லை!

கணிமைச் சிந்தனையை நானும் கரும்பலகையில் நடத்தியவள்தான். பெரிய வேலையைத் துண்டாக்கு, திரும்பத் திரும்ப வருவதைக் கண்டுபிடி, படிப்படியாக வழி எழுது. பிள்ளைகள் ஒப்பித்தார்கள், நான் டிக் அடித்தேன். இந்த வருஷம் அதையெல்லாம் மூட்டை கட்டிவிட்டு ஒரே ஒரு வேலையைக் கொடுத்தேன். பதினைந்து புள்ளி, எட்டு வரை ஊடுபுள்ளி; ஸ்கிராட்ச் என்ற நிரல் மொழியில் வரும் பூனைதான் அந்தக் கோலத்தைப் போட வேண்டும்.

நடு வரிசையில் 15, மேலும் கீழும் 14, 13 என்று இறங்கி எட்டில் நிற்கும். மொத்தம் 169 புள்ளி. ஒரு குழு 169 புள்ளிக்கும் தனித்தனியாகக் கட்டளை அடுக்கத் தொடங்கியது. நான் வாயே திறக்கவில்லை. (அது எவ்வளவு கஷ்டம் என்று டீச்சர்களுக்குத் தெரியும்.) இருபதாவது புள்ளியில் ஒருத்தி மவுஸை விட்டுவிட்டு, "ஒரே வேலதானே டீச்சர், இத்தன தடவ செய்யின்னு சொல்லிட்டா ஆகாதா?" என்றாள். ரிப்பீட் பிளாக்கை நான் காட்டவில்லை. அவளே கேட்டு வாங்கினாள்!

இன்னொரு குழு 30 இடைவெளி வைத்தது. மேலும் கீழும் கடைசி வரிசையைக் காணோம். கோலத்தின் உயரம் 420; ஸ்கிராட்ச் மேடை 360தான். அரை மணி நேரம் தங்களுக்குள் சண்டை போட்டு, 24 என்று மாற்றினார்கள்.

உச்சம் எதுவென்றால், ஒரு பையனின் ஆயா வந்த நாள். திரையைச் சற்று நேரம் பார்த்தவர், "மேலேர்ந்து ஏன்டா வர்றீங்க? நடு வரிசைய வச்சுட்டு ரெண்டு பக்கமும் குறைச்சுக்கிட்டே போங்க" என்றார். அவ்வளவுதான். 'வரிசை' என்று பிள்ளைகளே ஒரு புது பிளாக் செய்து, எத்தனை புள்ளி என்பதை மட்டும் மாற்றி மாற்றிக் கொடுத்தார்கள். ஒரு புள்ளி குறைந்தால் அரை இடைவெளி தள்ளி ஆரம்பி; ஊடுபுள்ளி தானாக விழுந்தது. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. சென்னைக் கிறித்துவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணி 1974லேயே, ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் இருவரோடும் சேர்ந்து, கோலத்துக்குக் கணினி இலக்கணம் எழுதிக் கட்டுரை வெளியிட்டவர். ஆயாவுக்கு அந்தச் சங்கதி தெரியாது. கோலம் தெரியும்.

அப்புறம் முக்கோண இதழ்கள். சமபக்க முக்கோணத்தில் ஒவ்வொரு கோணமும் 60 என்று புத்தகத்தில் இருக்கிறதே, பூனையை 60 டிகிரி திருப்பினார்கள். முக்கோணத்துக்குப் பதில் மூடாத கிண்ணம் ஒன்று வந்தது. தரையில் சாக்பீஸால் முக்கோணம் போட்டு, ஒருத்தியைப் பூனையாக நடக்கவிட்டேன். மூலைக்கு வந்தாள், நின்றாள், திரும்பினாள். "டீச்சர், வெளிப்பக்கமால்ல திரும்பறேன்! 120!" 1967இல் லோகோ மொழியை உருவாக்கியவர்களில் ஒருவரான சீமோர் பேப்பர்ட், திரையில் கோடு போடும் லோகோ ஆமையாகப் பிள்ளைகளை நடக்கச் சொன்னதும் இதற்குத்தான். ஸ்கிராட்ச் அந்த லோகோவின் வழி வந்த பிள்ளை.

குறை இல்லாமல் இல்லை. நான்கு பேருக்கு ஒரு கம்ப்யூட்டர். நடுவில் இரண்டு நாள் கரண்ட் இல்லை. அந்த இரண்டு நாளும் நோட்டில் எழுதியதுதான் பிழையே இல்லாமல் வந்தது என்பது வேறு கதை. போர்ஷன் என்னாவது என்று ஸ்டாஃப் ரூமில் கேட்டார்கள். வெளிக்கோணம் இந்த ஜென்மத்துக்கு மறக்காது, போதுமா என்றேன்.

மார்கழி வரப்போகிறது. உங்கள் வகுப்பில் யார் வீட்டு ஆயா நன்றாகக் கோலம் போடுவார் என்று நாளைக்கே விசாரியுங்கள். அவரையும் லேபுக்குக் கூட்டி வாருங்கள்.