ராகின் என்ற நல்ல மனிதர்

அன்ரன் செக்கோவின் 'ஆறாவது வார்டு' 1892ஆம் ஆண்டு வெளிவந்தது. அதற்கு இரண்டாண்டுகளுக்கு முன்னர், சகாலின் தீவின் கைதிகளைக் கண்டு திரும்பும் வழியில், செக்கோவ் கொழும்பில் இறங்கிச் சில நாட்கள் தங்கினார். நம் நாட்டின் அழகை அவர் வியந்ததைச் சொல்லி மகிழ்வது நம்மவர் வழக்கம். அவருடைய எழுத்துகளுள் நமக்கு இன்று மிக வேண்டியது எது என்று கேட்டால், நாம் இந்தக் குறுநாவலையே எடுத்து நீட்டுவோம்.

இதனைப் படித்த இளம் லெனின், தாமே அந்த வார்டில் அடைபட்டுவிட்டதைப் போன்ற உணர்ச்சிக்கு ஆளானதாகத் தம் சகோதரியிடம் கூறினார். அதன்பின், ஜார் மன்னனின் ருஷ்யா முழுவதற்கும் இந்த வார்டு உருவகம் என்பது முற்போக்கு விமர்சகரிடையே வாய்பாடாகிவிட்டது. அது பிழையான வாசிப்பன்று. எனினும் உருவகத்தைத் தேடிச் சென்றவர்கள் கண்முன் கிடந்த ஆஸ்பத்திரியைக் கவனியாமல் கடந்துவிட்டனர். செக்கோவ் தொழிலால் வைத்தியர். அவர் முதலில் எழுதியது, ஒரு வைத்தியர் எவ்வாறு வைத்தியராக இல்லாமற் போகிறார் என்பதையே.

டொக்டர் ராகின் கொடியவர் அல்லர். லஞ்சம் வாங்குபவரும் அல்லர். மென்மையாகப் பேசுவார், சம்பளத்திற் பாதியைப் புத்தகங்களுக்கே செலவிடுவார். பொறுப்பேற்ற புதிதில் காலை முதல் உழைத்தவர்தாம். அந்த ஆஸ்பத்திரியிலோ இரண்டே அறுவைக் கத்திகள்; உடல்வெப்பம் பார்க்கும் கருவி ஒன்றுகூட இல்லை; குளியல் தொட்டிகளில் உருளைக்கிழங்கு. இன்று முப்பது பேரைப் பார்த்தால் நாளை முப்பத்தைந்து பேரும் மறுநாள் நாற்பது பேரும் வருகின்றனர். மெல்ல மெல்ல அவர் கை தளர்கிறது. கன்னத்தைக் கையில் ஊன்றியபடி ஏதோ கேட்கிறார். விளக்கெண்ணெயோ களிம்போ எழுதிக் கொடுக்கிறார். ஐந்தாறு பேரைப் பார்த்துவிட்டு மற்றவர்களை உதவியாளரிடம் விட்டுவிட்டு வீட்டுக்குப் போய்ப் புத்தகத்தை விரிக்கிறார்.

பள்ளிமுனையிலிருந்தும் அயற்கிராமங்களிலிருந்தும் வரும் நம் உயர்தர வகுப்பு மாணவரிடம் இக்கதையைச் சொல்லி, "ராகின் நல்ல வைத்தியரா?" என்று வினவினோம். பாதிப் பேர் நல்லவர் என்றனர். ஏன்? அவர் யாரையும் ஏசவில்லை! நம் மக்கள் வைத்தியரை அளக்கும் கோல் இதுதான். சிரித்த முகமா, சிடுமூஞ்சியா? மாலையில் தனியார் கிளினிக்கின் வாசலில் எத்தனை பேர் காத்திருக்கின்றனர்? செக்கோவ் இந்தக் கோலையும் முறித்துப் போடுகிறார். நகரில் பெருங்கூட்டத்தைத் தம்பால் ஈர்ப்பவர் ராகின் அல்லர். வெள்ளைக் கழுத்துப்பட்டி அணிந்த அந்த உதவியாளரே!

அப்படியாயின் எதைக் கொண்டு அறிவது? விடை கதையிலேயே இருக்கிறது. ராகின் பார்ப்பதில்லை, கேட்பதில்லை, திரும்பி வருவதில்லை. வலி என்று வந்தவரின் உடலைத் தொட்டுப் பார்த்தாரா? சொல்லி முடிக்கும்வரை கேட்டாரா? இன்ன நோய் என்று தாம் கருதுவதையும், இன்ன அறிகுறி தோன்றினால் உடனே வரவேண்டும் என்பதையும் சொன்னாரா? மருந்து பலன் தராதபோது மறுபடி யோசித்தாரா? தமக்குத் தெரியாததை இன்னொருவரிடம் கேட்கச் சம்மதித்தாரா, அல்லது கேள்வி கேட்டதற்கே சினந்தாரா? இவற்றைக் காண நோயாளிக்கு மருத்துவக் கல்வி தேவையில்லை. வள்ளம் வாங்கப் போகும் பள்ளிமுனைக் கடற்றொழிலாளி அடியையும் அணியத்தையும் தடவிப் பார்த்து, இயந்திரத்தை ஓட்டிக் காட்டச் சொல்லிப் பத்துக் கேள்வி கேட்ட பிறகே காசை எடுக்கிறார். அவரே வைத்தியரின் மேசைக்கு முன்னால் கைகட்டி வாயடைத்து நிற்கிறார். "டொக்டருக்குத் தெரியாததா?" என்ற அந்தப் பணிவு பிறப்பிலே வந்ததன்று, காலங்காலமாகப் பழக்கப்படுத்தப்பட்டது.

2024 ஜூலை 28ஆம் நாள், மன்னார் மாவட்டப் பொது வைத்தியசாலையில், பிள்ளை பெற்றுச் சில நாட்களேயான ஓர் இளந்தாய் குருதிப்போக்கினால் உயிரிழந்தார். நெடுநேரம் கவனிப்பாரின்றி விடப்பட்டார் என்பது குடும்பத்தாரின் குற்றச்சாட்டு. ஊர் கொதித்தெழுந்தது, விசாரணைகள் நடைபெற்றன. தீர்ப்புக் கூறுவது நம் வேலையன்று. நாம் சொல்ல வருவது வேறு. பிரசவித்து ஒரு நாள் கழிந்த பின்னரும், 12 வாரங்கள் வரையிலும்கூட, ஆபத்தான குருதிப்போக்கு ஏற்படலாம். இரத்த அழுத்தம் விழுவதற்கு முன்பே நாடி வேகமாகத் துடிக்கத் தொடங்கும். ஆகவே, இத்தகைய தாயைப் பொறுத்தவரை வைத்தியத்தின் முதற்படி விலையுயர்ந்த இயந்திரமன்று. மணிக்கட்டில் வைக்கப்படும் ஒரு விரலும், எவ்வளவு போயிற்று என்ற ஒரு கேள்வியுமே.

இங்கே நம்மவர் ஒருவர் எழுந்து, குற்றம் தனிமனிதரிடம் இல்லை, அமைப்பிலேயே உள்ளது என்பார். உண்மைதான். 2022ஆம் ஆண்டின் பொருளாதார வீழ்ச்சிக்குப் பின் நூற்றுக்கணக்கான வைத்தியர்கள் நாட்டைவிட்டு வெளியேறினர். மன்னார் போன்ற ஒதுக்குப்புற மாவட்டங்களில் எஞ்சியவரின் சுமை கொஞ்சமன்று. முப்பது மணிநேரம் உறங்காதவரிடம் கனிவை எதிர்பார்ப்பதும் கொடுமையே. ஆனால் தோழர்களே, ராகினும் இதையேதான் சொல்கிறார்! தாம் ஒரு சமூகத் தீமையின் சிறு துணுக்கு மட்டுமே என்றும், குற்றம் தம்முடையதன்று, காலத்தினுடையதே என்றும் தம்மைத் தேற்றிக்கொள்கிறார். சமுதாய விஞ்ஞானத்தின் வாக்கியம் அவர் வாயில் தாலாட்டாகிவிடுகிறது. அதே ஆஸ்பத்திரியில், அதே இரண்டு கத்திகளோடு, நாடியைத் தொட்டுப் பார்க்கும் வைத்தியர் ஒருவர் இருந்திருக்க முடியாதா? பற்றாக்குறையை எதிர்த்துக் குரல் எழுப்புபவரும், பற்றாக்குறையைப் போர்த்திக்கொண்டு உறங்குபவரும் ஒருவரல்லர். இவ்விருவரையும் பிரித்தறியாத போராட்டம், நேர்மையான இளம் வைத்தியரையும் தாதியையுமே முதலில் அடித்து வீழ்த்தும்.

மொழியைப் பற்றியும் ஒரு சொல். 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்கரான சாமுவேல் பிஸ்க் கிறீன், மானிப்பாயில் நம் இளைஞருக்கு வைத்தியம் கற்பித்தார், 1860களில் அதனைத் தமிழிலேயே கற்பித்தார், நூல்களையும் தமிழாக்கினார். நோயாளி தன் வலியைத் தன் சொல்லில் கூற வேண்டும், வைத்தியர் அதனை விளங்கிக்கொள்ள வேண்டும் என்ற எளிய உண்மையை ஓர் அந்நியர் உணர்ந்திருந்தார். மொழி புரியாத இடத்தில் மொழிபெயர்ப்பாளரைக் கேட்பது சலுகை வேண்டுவதாகாது. கேட்டும் பயனில்லையெனில் பணிப்பாளரிடமும், அதற்கு மேலே இலங்கை மருத்துவச் சபையிடமும் எழுத்தில் முறையிடலாம். எழுதத் தெரியாதவருக்காக எழுதிக் கொடுப்பது ஆசிரியரும் மாணவருமான நமக்கு இயலாத காரியமா?

கதையின் இறுதியில் ராகினே ஆறாவது வார்டில் அடைக்கப்பட்டுக் காவலாளி நிகிதாவின் முட்டியால் அடிபடுகிறார். இந்த வேதனையை இம்மனிதர்கள் ஆண்டுக்கணக்கில் நாள்தோறும் அனுபவித்தனர், தாம் அதனை அறியவுமில்லை, அறிய விரும்பவுமில்லை என்பது அப்போதுதான் அவர் மூளையில் மின்னுகிறது. மறுநாள் இறந்துபோகிறார். உலக இலக்கியத்தில் இதற்கிணையான பக்கங்கள் சிலவே. ஆயினும் நமக்கு ஒரு மனக்குறை உண்டு. வார்டுக்குள் இருப்பவர்களுக்கு முகம் கொடுத்த செக்கோவ், வாசலில் காத்திருந்த அந்த நாற்பது பேருக்கு முகம் கொடுக்கவில்லை. விளக்கெண்ணெய்ச் சீட்டோடு வீடு திரும்பிய பெண்ணுக்கு அன்றிரவு என்ன நேர்ந்தது? கதை அவளுக்குப் பின்னால் போகவில்லை. ராகினோடு வீட்டுக்குப் போய் அவருடைய புத்தகங்களுக்கிடையே அமர்ந்துகொள்கிறது.