முதல் வாழ்த்து அட்டை

விற்பனைக்கு வந்த முதல் கிறிஸ்மஸ் வாழ்த்து அட்டையை 1843-இல் இலண்டனில் வெளியிட்டவர் ஹென்றி கோல். தனித்தனியே மடல் எழுத நேரமின்றி, ஜான் கால்காட் ஹார்ஸ்லி என்னும் ஓவியரைக் கொண்டு அதனை வரைவித்தார். கல்லச்சில் பதித்த படிகளுக்குக் கையால் வண்ணம் தீட்டினர். விலை ஒரு ஷில்லிங்.

நடுவில் குடும்பமொன்று மதுக்கிண்ணம் ஏந்தி மகிழ்கின்றது. குழந்தைக்கும் மது புகட்டப்படுவதை அன்றே சிலர் கண்டித்தனர். நம்மை உறுத்துவதோ வேறு: ஏழையர்க்கு உணவும் உடையும் வழங்கும் காட்சிகள் இரு ஓரங்களிலும் ஒடுங்கிக் கிடக்கின்றன, மாட்டுக்குடில் எங்குமே இல்லை.

ஆயினும், பெறுபவர் பெயரையும் அனுப்புபவர் பெயரையும் கையால் எழுத ஓவியர் இடம் விட்டிருந்தார். அச்சு தர இயலாதது அதுவே. இவ்வாண்டு நம் கையால் அட்டை செய்ய அமர்கையில், ஓரத்தில் நின்ற ஏழையை நடுவில் வரைவோம். அதனை அவர் இல்லத்திற்கே முதலில் எடுத்துச் செல்வோம்.